20 நாளில் பிரேசில்: எதை விடுவது?

கேள்வி: ஆகஸ்டில் 20 நாள் விடுப்பு. ரியோ, இகுவாசு அருவி, பான்டனால் சதுப்புநிலம், சால்வடார் நகரம், அமேசான் எல்லாம் பார்த்துவிட முடியுமா?

அமேசானை விட்டுவிடுங்கள், மற்றவை முடியும். சாவோ பாலோவிலிருந்து அமேசான் காட்டு ஊரான மனாவுஸுக்கு விமானத்திலேயே நாலு மணி நேரம். வெள்ளம் புகுந்த காட்டுக்குள் மரக்கிளைகளுக்கு நடுவே படகில் போவதுதான் அங்கே விசேஷம். அதற்கு ஜூன்தான் சரி, ஆகஸ்டில் ஆறு வடியத் தொடங்கிவிடும்.

அந்த நாட்களை லென்சோயிஸ் மரன்யென்சிஸுக்குக் கொடுங்கள். வெள்ளை மணல்மேடுகளுக்கு நடுவே நீலமும் பச்சையுமாகக் குளங்கள், அத்தனையும் மழைத்தண்ணீர். ஆண்டின் முதல் பாதியில் பெய்யும் மழையில் நிரம்பி, ஜூலை, ஆகஸ்டில் நிறைந்து கிடக்கும். அக்டோபருக்கு மேல் போனால் பல குளங்களில் வெறும் மணல்தான். சாவோ லூயிஸில் இறங்கி பஸ்ஸிலோ வேனிலோ நாலு மணி நேரத்தில் பரெய்ரின்யாஸ். அங்கிருந்து மணலுக்குள் போக ஜீப்தான்.

வரிசை: இகுவாசு 2 நாள், பான்டனால் 4, ரியோ 4, சால்வடார் 3, லென்சோயிஸ் 4. மீதி மூன்று நாள் பயணத்துக்கும் சாவோ பாலோவுக்கும். இகுவாசுவில் அர்ஜென்டினா பக்கமும் போக ஆசையா? அதற்கு விசா தனி. பான்டனாலுக்கு குயபாவில் இறங்க வேண்டும். போகோனே ஊரைத் தாண்டியதும் ஏறக்குறைய 145 கிமீ மண்சாலை, வழிநெடுக நூற்றுக்கும் மேல் சிறு பாலங்கள். அதன் கடைசியில் போர்த்து ஜோஃப்ரே. ஜாகுவார் (சிறுத்தை போன்ற பெரிய விலங்கு) பார்க்க அங்கிருந்து படகில் போவார்கள். ஆற்றில் தண்ணீர் குறைந்து ஜாகுவார் கரைக்கு வரும் காலம் ஜூலை முதல் அக்டோபர் வரை.

பலர் கோட்டைவிடுவது சாவோ பாலோ விமான நிலையத்தில். வெளிநாட்டு விமானம் பெரும்பாலும் இறங்குவது குவாருலோஸில். மலிவாகக் கிடைக்கும் உள்நாட்டு டிக்கெட்டோ ஊருக்குள் இருக்கும் கொங்கோன்யாஸிலிருந்தோ, 100 கிமீ தள்ளி காம்பினாஸில் உள்ள விராகோபோஸிலிருந்தோ இருக்கலாம். டிக்கெட்டில் ஊர்ப் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். தனித்தனியாக எடுத்த டிக்கெட் என்றால் நடுவில் ஐந்து மணி நேரமாவது விடுங்கள்.

சாப்பாட்டுக்கு 'போர் கீலோ' கடைகள் நல்லது: தட்டில் எடுத்துக்கொண்டு எடைக்குக் காசு. சைவர்கள் கவனம், பீன்ஸ் குழம்பில் பன்றி இறைச்சி கிடக்கலாம். சால்வடார் தெருவில் விற்கும் அகராஜே ஏறக்குறைய நம் காராமணி வடைதான். ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்து, செம்பனை எண்ணெயில் பொரிக்கிறார்கள். இறால் வேண்டாமென்றால் 'செங் கமராவுங்' என்று சொல்ல வேண்டும்; உள்ளே வைக்கும் வட்டபா மசியலிலும் இறால் உண்டு, அதையும் தவிர்த்தால் வெறும் வடை கிடைக்கும்.

மின்சாரம் ஊருக்கு ஊர் மாறும்: சாவோ பாலோவில் 127 வோல்ட், பிரேசிலியாவில் 220. போன் சார்ஜருக்குக் கவலையில்லை, இஸ்திரிப்பெட்டி எடுத்துப் போகாதீர்கள்.

எதை மறந்தாலும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறக்காதீர்கள் (மஞ்சள் காமாலை வேறு). சான்றிதழ் இல்லாமல் பிரேசிலிலிருந்து இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னைக்காரர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள்.