கேள்வி – பதில்: வீசி எறியாத தீக்குச்சி

புதிய ராக்கெட்டுகள் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரைக்கு வடாற்காடு வட்டாரத்திலிருந்து மட்டும் ஒரு கட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து வெளிச்சம் தெரிகிறது. சத்தம் மட்டும் ஏன் கேட்பதில்லை?
— கல்லூரி மாணவி, காட்பாடி

உங்கள் ஊருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். அந்தத் தொலைவைக் கடக்க ஒலிக்கு ஏழு நிமிடங்களுக்கு மேல் பிடிக்கும். அதற்குள் அது வழியிலேயே தேய்ந்துவிடுகிறது. அப்படியே வந்து சேர்ந்தாலும், அந்த நேரத்தில் ராக்கெட் காற்று மண்டலத்தைத் தாண்டி வங்கக் கடலின் மேல் வெகுதூரம் போயிருக்கும்.

அடுத்த முறை பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்தியாவின் கனரக ராக்கெட்டான எல்.வி.எம்.3 ஆக இருந்தால், வடகிழக்கில் எழும் ஆரஞ்சு நிற ஒளி, பக்கவாட்டில் பொருத்திய இரண்டு திட எரிபொருள் மோட்டார்களுடையது. ஒவ்வொன்றிலும் சுமார் 200 டன் எரிபொருள் இருக்கிறது. கையை நீட்டிப் பிடித்தால் தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் உயரம் ஏறியதும், அதாவது கிளம்பி இரண்டு நிமிடம் ஆனதும், ஒளி சட்டென்று மங்கும். "அணைந்துவிட்டது" என்று பலர் மாடியை விட்டு இறங்குவது அப்போதுதான். உண்மையில் அந்த இரண்டு மோட்டார்களும் தம் வேலையை முடித்துக் கழன்று கடலில் விழுகின்றன. அவை மறுபடி பறப்பதில்லை.

ஒரே ராக்கெட்டைத் திரும்பத் திரும்பப் பறக்கவிடுவதால் அப்படி என்ன மிச்சம்? எரிபொருளை ஒவ்வொரு முறையும் நிரப்பத்தானே வேண்டும்?
— தீப்பெட்டித் தொழில் செய்பவர், குடியாத்தம்

உங்கள் தொழிலையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஒரு குச்சியை ஒருமுறை உரசி எறிந்துவிடுவது யாருக்கும் உறுத்துவதில்லை, ஏனென்றால் அது காசு பெறாத பொருள். ராக்கெட்டும் அறுபது ஆண்டுகளாகப் பெரும்பாலும் அப்படித்தான் எறியப்பட்டது. ஆனால் அது பல நூறு கோடி ரூபாய்க் குச்சி. அந்தச் செலவில் எரிபொருளின் பங்கு மிகச் சிறியது. பணமெல்லாம் இயந்திரங்களிலும், தொட்டிகளிலும், மின்னணுக் கருவிகளிலும் கிடக்கிறது.

அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட்டில் முதல் கட்டத்தில், அதாவது கீழ்ப்பகுதியில், மட்டும் ஒன்பது இயந்திரங்கள் இருக்கின்றன; இரண்டாம் கட்டத்துக்கு ஒன்றே ஒன்று. எனவே முதல் கட்டத்தை மீட்டாலே பெரும்பகுதி கைக்கு வந்துவிடுகிறது. அது இறங்கும் விதம்தான் வியப்பு. மேல்கட்டம் பிரிந்ததும் கீழ்க்கட்டம் நைட்ரஜன் வாயுவைப் பீய்ச்சித் தன்னைத் திருப்பிக்கொள்கிறது. காற்று மண்டலத்தில் நுழையும்போது மூன்று இயந்திரங்களை எரித்து வேகத்தைக் குறைக்கிறது. பிறகு உச்சியில் விரியும் சல்லடை போன்ற நான்கு துடுப்புகளால் திசை பிடிக்கிறது. கடைசியில் ஒரே ஒரு இயந்திரம் எரிகிறது. தொட்டி காலியாகிவிட்டதால், அந்த ஒற்றை இயந்திரத்தை எவ்வளவு தணித்தாலும் அதன் உந்துவிசை ராக்கெட்டின் எடையைவிட அதிகம். ஆகவே அது அந்தரத்தில் நின்று நிதானித்து இறங்க முடியாது. வேகம் பூஜ்யமாகும் கணமும் கால் தரையைத் தொடும் கணமும் ஒன்றாக இருந்தே தீர வேண்டும். கொஞ்சம் முந்தினால் மறுபடி மேலே எழும், பிந்தினால் மோதும்.

2015 டிசம்பரில் இப்படி முதல்முறை தரையிறங்கியது. 2017 மார்ச்சில், ஏற்கெனவே பறந்த ஒரு கட்டம் மறுபடி விண்ணுக்குச் சென்றது. இன்று முப்பது முறைக்கு மேல் பறந்த கட்டங்களும் இருக்கின்றன. 2024-இல் மட்டும் ஃபால்கன் வகை ராக்கெட்டுகள் 130 தடவைக்கு மேல் கிளம்பின. பல நாடுகள் பத்தாண்டுகளில்கூட இத்தனை ஏவியதில்லை.

இதற்கு ஒரு விலை உண்டு. திரும்பி வருவதற்கென்று எரிபொருளை ஒதுக்குவதால், தாழ்வான சுற்றுப்பாதைக்கு ஏறத்தாழ 22 டன் தூக்கக்கூடிய ராக்கெட், மீட்கும்போது 17 டன்னளவே தூக்குகிறது. இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. ஆண்டுக்கு ஐந்தாறு முறை மட்டும் ஏவுபவருக்கு மறுபயன்பாடு அவ்வளவாகக் கட்டுப்படியாகாது. ஆலை சும்மா கிடக்கும், ஆட்களுக்குச் சம்பளம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். ஸ்பேஸ்எக்ஸ் ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களைத் தானே செய்து தானே ஏவிக்கொள்கிறது. அதன் ஏவுதல்களில் பாதிக்கு மேல் அவைதான். கடைக்காரரே தன் கடையின் பெரிய வாடிக்கையாளராக இருக்கிறார் என்பதுதான், என் கணக்கில், போட்டியாளர்களால் இன்னும் எட்ட முடியாத இடம்.

புதிய ராக்கெட்டுகள் எல்லாம் மீத்தேனுக்கு மாறுவது ஏன்?
— தொழிற்பேட்டை ஊழியர், ராணிப்பேட்டை

மண்ணெண்ணெய் லாந்தரின் கண்ணாடியைக் காலையில் துடைத்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் பாதி விடை தெரிந்துவிட்டது. மண்ணெண்ணெய் எரியும் இயந்திரத்திலும் கரி படியும். பலமுறை ஓட்ட நினைப்பவருக்கு அது தலைவலி. ஹைட்ரஜனில் கரி இல்லை, ஆனால் அதை மைனஸ் 253 டிகிரியில் வைக்க வேண்டும், அடர்த்தியும் மிகக் குறைவு என்பதால் தொட்டி பூதாகரமாகிவிடும். மீத்தேன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: கரி குறைவு, தொட்டி அளவானது, அதை எரிக்க உதவும் திரவ ஆக்ஸிஜனுக்கும் அதற்கும் வேண்டிய குளிர்ச்சியில் அதிக வித்தியாசமில்லை.

மீத்தேனால் முதலில் சுற்றுப்பாதையை எட்டியது அமெரிக்க ராக்கெட் அல்ல; 2023 ஜூலையில் சீனத் தனியார் நிறுவனமான லேண்ட்ஸ்பேஸின் ஜூச்சுவே-2. ஸ்பேஸ்எக்ஸின் புதிய ராட்சத ராக்கெட்டான ஸ்டார்ஷிப்பின் கீழ்க்கட்டத்தில் 33 மீத்தேன் இயந்திரங்கள் இருக்கின்றன. 2024 அக்டோபர் 13 அன்று திரும்பி வந்த அந்தக் கட்டத்தை ஏவுகோபுரத்தின் இரண்டு இரும்புக் கைகள் அந்தரத்திலேயே பிடித்தன. இன்னொரு அமெரிக்க நிறுவனமான புளூ ஆரிஜினின் மீத்தேன் ராக்கெட் நியூ க்ளென் தன் இரண்டாவது பயணத்திலேயே, 2025 நவம்பரில், கடலில் நின்ற கப்பலின் மேல் கீழ்க்கட்டத்தை இறக்கியது. வேடிக்கை என்னவென்றால், அதே புளூ ஆரிஜின் தன் போட்டியாளரான யு.எல்.ஏ. நிறுவனத்தின் வல்கன் ராக்கெட்டுக்கும் இயந்திரம் விற்கிறது. வல்கனுக்கு முந்தைய அந்நிறுவனத்தின் அட்லஸ் ராக்கெட் ரஷ்ய இயந்திரத்தை நம்பியிருந்தது. 2014-இல் உக்ரைனின் கிரிமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்ட விவகாரம் வெடித்ததும் அந்த வழி அடைபடத் தொடங்கியது.

உலகிலேயே மலிவாக ஏவுவது நாம்தான் என்று படித்திருக்கிறேன். இப்போதும் அப்படித்தானா?
— காலணி ஏற்றுமதியாளர், ஆம்பூர்

மலிவாகத் தைத்துக் கொடுத்தால் மட்டும் ஆர்டர் நிற்காது, கேட்ட தேதிக்குக் கப்பலேற வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா? விண்வெளியிலும் அதே நிலைதான். 2017 பிப்ரவரியில் நம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் ஒரே முறையில் 104 செயற்கைக்கோள்களை ஏவியபோது நாம் பெருமைப்பட்டதில் நியாயம் இருந்தது. 2021 ஜனவரியில் ஒரு ஃபால்கன் 9, சிறு செயற்கைக்கோள்களுக்கென்றே விடப்பட்ட பயணத்தில் 143-ஐக் கொண்டு சென்றது. 2024 நவம்பரில், ஏறத்தாழ 4,700 கிலோ எடையுள்ள நம் ஜிசாட்-என்2 செயற்கைக்கோளே ஃபால்கன் 9-இல் ஏறித்தான் போனது. அதைத் தூக்க நம்மிடம் வண்டி இல்லை.

அதற்காக நாம் பின்தங்கிவிட்டோம் என்று கை கழுவவும் வேண்டாம். இணையச் சேவை தரும் ஒன்வெப் நிறுவனத்தின் 72 செயற்கைக்கோள்களை எல்.வி.எம்.3 இரண்டே பயணங்களில் பிழையின்றி ஏவியது. 30 டன் தூக்கவும் முதல் கட்டத்தை மீட்கவும் கூடிய புதிய ராக்கெட்டுக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 8,240 கோடி ரூபாய் ஒதுக்கியது. வேலை முடிய எட்டு ஆண்டு அவகாசம். எட்டு ஆண்டு என்பதுதான் எனக்கு இடிக்கிறது. குலசேகரப்பட்டினத்தில் வரும் ஏவுதளம் அதைவிடச் சீக்கிரம் பயன் தரும்: ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு (வடக்கு–தெற்காகத் துருவங்களுக்கு மேல் சுற்றும் பாதை) போகும் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைந்து எரிபொருளை இழக்கிறது, அங்கிருந்து நேராகத் தெற்கே போகலாம். சென்னையின் அக்னிகுல் நிறுவனம் முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வார்த்த இயந்திரத்தை 2024 மே மாதம் பறக்கவிட்டுப் பார்த்ததையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐதர் அலியின் வாணங்களுக்கும் இன்றைய ராக்கெட்டுக்கும் தொடர்பு உண்டா?
— ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், ஆற்காடு

உண்டு. 1780-இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஆங்கிலேயரைக் கலங்கடித்த மைசூர் வாணங்களின் சிறப்பு, வெடிமருந்தை இரும்புக் குழலில் கெட்டித்ததுதான். காகிதக் குழல் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கியது. அழுத்தம் கூடியதால் தூரமும் கூடியது. எரியறையின் அழுத்தத்தை எவ்வளவு உயர்த்தலாம் என்ற அதே போட்டியில்தான் இன்றைய இயந்திர வடிவமைப்பாளர்களும் இருக்கிறார்கள்.

காவலூர் தொலைநோக்கிக்கு இந்தச் செயற்கைக்கோள் கூட்டத்தால் இடையூறு உண்டா?
— ஆலங்காயம் வாசகர்

இருளுக்காகவே ஜவ்வாது மலையைத் தேடிப் போய் அமைத்த ஆய்வகம் அது. அங்குள்ள பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் அகலம். ஏவும் செலவு குறைந்ததால் மேலே போன ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்கள், உலகின் எல்லா ஆய்வகங்களின் படங்களிலும் வெள்ளைக் கோடு இழுக்கக்கூடியவை. கீழே இருட்டிய பிறகும் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் அவற்றின் மேல் வெயில் படுவதால், அந்தி சாய்ந்த ஒன்றிரண்டு மணி நேரமும் விடியலுக்கு முந்தைய அதே அளவு நேரமும் தொல்லை மிகுதி. நள்ளிரவில் பெரும்பாலானவை பூமியின் நிழலுக்குள் போய்விடும். நீங்களே பார்க்க விரும்பினால், நிலவில்லாத நாளில் இரவு ஏழரை மணிக்கு மலையடிவாரத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். மினுக்காமல், ஓசையில்லாமல், ஒரே சீராக நகரும் புள்ளி ஒன்றாவது பத்து நிமிடத்துக்குள் கண்ணில் படும்.