ஃபேன் சுற்றுகிறது, டிஸ்பிளே வரவில்லை: மதர்போர்டு போய்விட்டதா?

பட்டனை அழுத்தினால் சிபியுவில் ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் ஒன்றும் வரவில்லை, கடையில் மதர்போர்டு போச்சு என்கிறார்கள், மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு மாற்றாதீர்கள். ராமை, அதாவது போர்டில் செருகியிருக்கும் மெமரியை, கழற்றிப் பார்க்காமல் யார் அப்படிச் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

நான் 12 வருடமாக கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலையில் இருக்கிறேன். போன ஐப்பசியில் டிடிபி வேலை செய்யும் ஓர் அக்கா, மழையில் நனையாமல் சிபியுவை பாலித்தீன் கவரில் சுற்றி ஆட்டோவில் எடுத்து வந்தார். உங்களுக்கு வந்திருக்கும் அதே தொல்லை. வேறோர் இடத்தில் போர்டு, பிராசஸர் இரண்டையும் மாற்றச் சொல்லிவிட்டார்களாம். "தம்பி, கல்யாணப் பத்திரிகை ஆர்டர் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு" என்றபோது குரல் கம்மிவிட்டது. ஃபைல் எல்லாம் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது, போர்டே போயிருந்தாலும் எடுத்துவிடலாம் என்று முதலில் அதைச் சொல்லித்தான் உட்கார வைத்தேன்.

பிறகு ராம் இரண்டையும் உருவிவிட்டு, ராமே இல்லாமல் ஆன் செய்தேன். நீளமாக ஒரு பீப், கொஞ்சம் விட்டு மறுபடி பீப். எனக்கு அப்போதே பாதி நிம்மதி. ராம் இல்லை என்று சத்தம் போட வேண்டுமானால் போர்டும் பிராசஸரும் வேலை செய்தாக வேண்டும்.

ராமை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், பளபளவென்று இருக்க வேண்டிய தங்க நிறப் பட்டைகள் மங்கி, ஓரத்தில் கறுத்திருந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை பிரஷ்ஷால் தட்டி, ஒரே ஒரு ராமை மட்டும் கிளிப் 'டிக்' என்று விழும்வரை அழுத்தினேன். டிஸ்பிளே வந்துவிட்டது. அடுத்ததையும் போட்டதும் மறுபடி இருட்டு. ஸ்லாட்டை மாற்றிப் போட்டும் அதே கதை. பழுது அந்த ஒரு ராமில்தான்.

நீங்களும் இதையே செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து மிச்ச கரண்டை இறக்கிவிடுங்கள். கேபினட் தகரத்தைத் தொட்டுவிட்டு ராமில் கை வையுங்கள். ராம், ஹார்ட் டிஸ்க், யுஎஸ்பி எல்லாவற்றையும் கழற்றி, போர்டு, பிராசஸர், கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி மட்டும் இருக்க, பிளக்கை மாட்டி ஆன் செய்யுங்கள். பல புதிய போர்டுகளில் பீப் ஸ்பீக்கர் இருக்காது. தனியாகச் சின்னதாகக் கிடைக்கும், வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். சிலவற்றில் அதற்குப் பதில் சிபியு (பிராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (டிஸ்பிளே) என்று எழுதிய குட்டி விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் தேட வேண்டும்.

பீப்பே வராவிட்டால்? ஃபேன் சுற்றுவதால் எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிராசஸருக்கு கரண்ட் போவது அதன் பக்கத்திலேயே இருக்கும் 4 பின் அல்லது 8 பின் ஒயரில். அது கழன்றிருந்தாலும் ஃபேன் மட்டும் சுற்றும். அதுவும் சரியென்றால் தெரிந்தவரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்று இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் தயவுசெய்து பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்து மாட்டுவதும் சில சமயம் கைகொடுக்கும். தனியாக கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் போர்டில் இல்லாமல் அந்த கார்டில் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் சத்தமில்லை, பிராசஸர் பக்கத்தில் சின்ன உருளையாக நிற்கும் கெபாசிட்டர்களின் தலையும் உப்பியிருக்கிறது என்றால்தான் போர்டைப் பற்றிப் பேசலாம். ராம் இல்லாமல் ஆன் செய்தபோது பீப் வந்ததா, எப்படி வந்தது, போர்டு என்ன மாடல் என்று கீழே எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.