புது அடுப்புக்குக் கை பழகும் வரை

தம்பி, உங்கள் கேள்வியை நிதானமாகப் படித்தேன். வெளிநாட்டில் வந்து இறங்கிச் சில வாரங்கள்தான் ஆகின்றன, அதற்குள் பாத்திரம் அடிப்பிடித்துக் கரியாகிவிட்டது, புகை அலாரம் அலறிப் பக்கத்து அறைக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள், போன வாரம் வாணலியில் எண்ணெயே தீப்பிடித்தது, தண்ணீர் ஊற்றப் போன உங்களை அறை நண்பர் கையைப் பிடித்துத் தடுத்தார், அடுப்பை ஒட்டிய மேடையில் ஒரு கருகல் தழும்பு விழுந்துவிட்டது. இனி ரொட்டியும் பாக்கெட் சாப்பாடும் போதும் என்று தோன்றுகிறது, எல்லோருக்கும் இப்படித்தானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறையப் பேருக்கு இப்படித்தான். சமையலை விட்டுவிடாதீர்கள். புதிதாக வருகிற பிள்ளைகள் வீடு கிடைக்கும் வரை எங்கள் வீட்டில் தங்கிப் போவது வழக்கம். ஊரில் பத்துப் பேருக்குச் சளைக்காமல் சமைத்தவர்கள்கூட இங்கே முதல் மாதங்களில் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவர்களுக்குச் சமைக்கத் தெரியாமல் இல்லை. கை ஒரு அடுப்புக்குப் பழகியிருக்கிறது, முன்னால் இருப்பது வேறு அடுப்பு, அவ்வளவுதான்.

கேஸ் அடுப்பில் தீ கண்ணுக்குத் தெரியும். குறைத்தால் உடனே குறையும், அணைத்தால் சூடு அங்கேயே நின்றுபோகும். கண்ணாடி மேடை போட்ட கரண்ட் அடுப்பு அப்படி இல்லை. சூடேற நேரம் எடுக்கும், அதனால் பொறுமை இழந்து கடைசி எண் வரை திருகிவிடுவோம், பிறகு அது சூடேறிய வேகத்தில் குறைத்தாலும் கேட்காது. அணைத்த பிறகும் பல நிமிடம் கொதிக்கிற அளவுக்குச் சூடு அதிலேயே தங்கியிருக்கும். உங்கள் பாத்திரம் அடிப்பிடித்ததற்கும் இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அணைத்துவிட்டுத்தான் போனேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த அடுப்பில் அணைத்தால் மட்டும் போதாது, பாத்திரத்தையும் அந்த வட்டத்திலிருந்து நகர்த்தி வைக்க வேண்டும். அந்தக் கண்ணாடியின் மேல் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிகிறதா பாருங்கள், அது எரிகிற வரை மேலே கையையோ பிளாஸ்டிக் கரண்டியையோ துணியையோ வைக்கக் கூடாது.

இண்டக்‌ஷன் அடுப்பு இதற்கு நேர் எதிர். சட்டென்று சூடேறும், சட்டென்று குறையும். வெறும் நான்ஸ்டிக் வாணலியைப் பெரிய எண்ணில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கத் திரும்பினால், நீங்கள் நறுக்கி முடிப்பதற்குள் அது தாங்கக்கூடிய சூட்டைத் தாண்டிப் போய்விடும். 260 டிகிரி செல்சியசைத் தாண்டினால் அந்தப் பூச்சே கெடத் தொடங்கும். அப்புறம், ஊரிலிருந்து தூக்கி வந்த அலுமினியப் பாத்திரம் பெரும்பாலும் இதில் வேலை செய்யாது. அடியில் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள், ஒட்டினால் சூடேறும், ஒட்டாவிட்டால் இல்லை. எந்த அடுப்பாக இருந்தாலும் ஒரு சாயங்காலம் ஒதுக்கி, ஒரே பாத்திரத்தில் ஒரே அளவு தண்ணீர் வைத்து, எந்த எண்ணில் எவ்வளவு நேரத்தில் கொதிக்கிறது, எந்த எண்ணில் மெல்ல மெல்லக் கொப்புளிக்கிறது என்று பார்த்து எழுதி அடுப்புப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்.

எண்ணெய்த் தீ பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்கவைத்த விஷயம் அதுதான். உங்கள் நண்பர் கையைப் பிடித்தது பெரிய காரியம், அவருக்கு என் நன்றியையும் சொல்லுங்கள். எரிகிற எண்ணெய் 300 டிகிரிக்கும் மேலே இருக்கும். தண்ணீர் எண்ணெயை விடக் கனம், அதனால் ஊற்றியதும் அடியில் போய் இறங்கி, அந்தச் சூட்டில் நொடியில் ஆவியாகிவிடும். ஆவியானால் அதன் அளவு ஏறக்குறைய 1,700 மடங்கு பெருகும். அந்த வேகத்தில் எரியும் எண்ணெயைத் துளித்துளியாகச் சிதறடித்துக் கூரை வரை தூக்கிவிடும். ஒரு டம்ளர் தண்ணீர் போதும், சமையலறை முழுக்கத் தீயாவதற்கு. ஈரத் துணியைச் சொட்டச் சொட்டப் போடுவதும் ஆபத்து, மாவை அள்ளிப் போடுவதும் ஆபத்து, மாவு தானே பற்றி எரியும். செய்ய வேண்டியது இரண்டுதான். கை எட்டினால் அடுப்பை அணையுங்கள், பிறகு உலோக மூடி ஒன்றை முன்பக்கத்திலிருந்து மேலே நகர்த்தி மூடிவிடுங்கள். மூடி இல்லாவிட்டால் ஓவன் தட்டு போதும். மூடிய பிறகு தீ போய்விட்டதா என்று திறந்து பார்க்கவே கூடாது, முழுக்க ஆறும் வரை அப்படியே கிடக்கட்டும். வாணலியைத் தூக்கிக்கொண்டு சிங்குக்கோ வாசலுக்கோ ஓடவும் கூடாது, மேலே கொட்டிக்கொள்வது அப்படித்தான் நடக்கிறது. மூடியும் அடங்காவிட்டால் எல்லோரையும் கூட்டிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து, தீயணைப்புத் துறையை அழையுங்கள். நீங்கள் இருக்கும் நாட்டின் அவசர எண் போனில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், பதற்றத்தில் ஊர் எண்தான் விரலுக்கு வரும்.

எண்ணெய் திடீரென்று தீப்பிடிப்பதில்லை, அதற்கு முன்னால் புகைந்து காட்டும். மெல்லிய நீலப்புகை எழுந்தாலே அடுப்பை அணைத்து வாணலியைப் பக்கத்தில் நகர்த்திவிட வேண்டும். அதனால்தான் எண்ணெய் காயும்போது அந்த இடத்தை விட்டு நகராதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டிலிருந்து போன் வந்தால் ஒன்று அடுப்பை அணையுங்கள், அல்லது பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள், அம்மா கோபித்துக்கொள்ள மாட்டார். நேர வித்தியாசத்தால் இங்கே சமைக்கிற நேரத்தில்தான் அங்கே எல்லோரும் ஓய்வாக இருப்பார்கள், அதனால் இது அடிக்கடி நடக்கிறது.

அலாரத்துக்காக வெட்கப்பட வேண்டாம். கூட்டாகத் தங்கும் வீடுகளில் அது எல்லோருக்கும் அடித்திருக்கும், சொல்ல மாட்டார்கள். ஆனால் தொந்தரவு தாங்காமல் சிலர் அதன் பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள், அல்லது பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள், யாராவது செய்திருந்தாலும் எடுத்துவிடுங்கள். இரவில் எல்லோரும் தூங்கும்போது உங்களை எழுப்ப அந்த வீட்டில் வேறு எதுவும் இல்லை. புகை வரும் முன்பே ஜன்னலைத் திறந்து, எக்ஸாஸ்டைப் போட்டுவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சமையுங்கள். எக்ஸாஸ்ட் என்று நாம் நினைக்கிற பெட்டி பல வாடகை வீடுகளில் காற்றை வெளியே அனுப்புவதே இல்லை, ஒரு கரி வடிகட்டி வழியாக இழுத்து மறுபடி அறைக்குள்ளேயே விடும். அதன் அடியில் இருக்கும் உலோக வலையைக் கழற்றிப் பாருங்கள், பழைய குடித்தனக்காரர்களின் எண்ணெய்ப் பிசுக்கு அப்பியிருக்கும், வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவினால் புகை ஓரளவு குறையும்.

கை சுட்டுக்கொண்டால் குழாயில் குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட்டு அதன் கீழேயே பிடியுங்கள். நீளமான நேரம்தான், ஆனாலும் முழுக்கப் பிடியுங்கள். மோதிரம், கடிகாரத்தை வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம், வெண்ணெய் வேண்டாம். கொப்புளம் உள்ளங்கையை விடப் பெரிதாக இருந்தாலோ, முகத்திலோ மூட்டிலோ பட்டிருந்தாலோ மருத்துவரிடம் போங்கள், செலவை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள்.

தீயாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் படுக்கவைத்துவிடுவது ஒன்று இருக்கிறது, மிச்சச் சோறு. புதிதாக வருகிறவர்கள் நேரமில்லாமல் ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய பானை வடித்து, அதை அடுப்பிலேயே வைத்துவிட்டு வேலைக்கோ தூங்கவோ போய்விடுகிறார்கள். அரிசியில் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்து இருக்கும், அது வேகும்போதும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கிற மணிநேரங்களில் அது பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. குளிர் நாடுதானே, கெடாது என்று நினைப்பார்கள், ஆனால் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுகிறது. சாப்பிட்டதும் மிச்சத்தை அகலமான தட்டில் பரப்பி ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஆறியதுமே சின்னச் சின்ன டப்பாக்களில் ஃப்ரீசரில். ராஜ்மாவும் அப்படித்தான், இங்கே ஸ்லோ குக்கர் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி, காலையில் பயறைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். சரியாக வேகாத சிவப்பு ராஜ்மாவில் கடுமையான வாந்தியை உண்டாக்கும் ஒரு பொருள் இருக்கிறது, ஸ்லோ குக்கரின் மிதமான சூடு அதைப் போக்காது. குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் வைத்து அரை மணி நேரம் தளதளவென்று கொதித்த பிறகு எதில் வேண்டுமானாலும் போடுங்கள். டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது, பயமில்லை.

சின்ன விஷயங்களுக்கு இவ்வளவு பேச வேண்டியதில்லை. உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கை நம்பாதீர்கள், உப்புப் போடாத அதே பண்டத்தையோ தண்ணீரையோ சேர்த்து அளவைக் கூட்டினால்தான் சரியாகும். அடிப்பிடித்தால் கிளறாமல் மேலாக இருப்பதை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள், கிளறினால்தான் கருகல் வாடை முழுக்கப் பரவும். சுட்ட எண்ணெயைச் சிங்கில் ஊற்றாதீர்கள், குழாயில் உறைந்து அடைத்துக்கொண்டால் அந்தச் செலவை உங்கள் தலையில்தான் கட்டுவார்கள். ஆறியதும் ஒரு பழைய டப்பாவில் ஊற்றி மூடிக் குப்பையில் போடுங்கள். ஓவனிலிருந்து எடுத்த கண்ணாடிப் பாத்திரத்தை ஈர மேடையில் வைத்தால் வெடித்துச் சிதறும், கீழே உலர்ந்த துணி போடுங்கள். முழு முட்டையை மைக்ரோவேவில் வைக்கவே வேண்டாம், அதுவும் வெடிக்கும். சமையல் குறிப்பில் 350 டிகிரி என்றிருந்தால் அது ஃபாரன்ஹீட், உங்கள் ஓவன் செல்சியஸ் காட்டினால் 175-லிருந்து 180-க்குள் வையுங்கள்.

கரியான பாத்திரத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எவர்சில்வர் என்றால் கருகல் மூழ்கும் அளவுக்குத் தண்ணீரும் இரண்டு ஸ்பூன் சமையல் சோடாவும் போட்டுக் கொதிக்கவிட்டு, இரவு முழுக்க ஊறவைத்துக் காலையில் மரக்கரண்டியால் சுரண்டுங்கள், ஏடு ஏடாக வந்துவிடும். அலுமினியத்தில் இதைச் செய்யாதீர்கள், கறுத்துவிடும்.

மேடையில் விழுந்த தழும்பை வீட்டுக்காரரிடம் சொல்வதா வேண்டாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். சொல்லிவிடுங்கள், அதுவும் இந்த வாரமே. அடியில் மரம் நைந்திருந்தால் தண்ணீர் இறங்கி உப்பி, சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும். வீட்டைக் காலி செய்யும் நாளில் அவரே கண்டுபிடித்தால் முன்பணத்தில் எவ்வளவு பிடிப்பார் என்று பேச உங்களுக்கு இடமே இருக்காது. பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து வெளிச்சத்தில் படம் எடுத்து, எப்படி நடந்தது என்று நான்கு வரியில், நேரில் சொன்னாலும் எழுத்திலும் அனுப்பி வையுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் தற்செயலான சேதம் பற்றி என்ன இருக்கிறது என்று அனுப்பும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள். அந்த வரிகள் புரியாவிட்டால் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.