உடம்பில் பம்ப் மாட்டி எடுத்த காற்று மாதிரியில் 'வைரஸ் கண்டறியப்படவில்லை' என்று வந்தால் நிம்மதியாக இருக்கலாமா?

கேட்டிருப்பவர் வார்டு செவிலியர். ஒரு ஷிப்ட் முழுக்க இடுப்பில் பம்ப்பும் கழுத்துப்பட்டையில் ஃபில்டருமாக வேலை பார்த்திருக்கிறார். நான் பணியிடக் காற்றை அளக்கும் வேலையில் இருப்பவன். பல ஆண்டுகள் சிலிக்கா தூசி அளந்துவிட்டு, கோவிட் காலத்தில்தான் வைரஸ் பக்கம் வந்தேன். என் பதில்: அந்த ஒரு தாளை வைத்து நிம்மதி அடையாதீர்கள்.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. இந்த வகை பம்ப் பெரும்பாலும் நிமிடத்துக்கு 2 லிட்டர் காற்று இழுக்கும். 8 மணி நேரத்துக்கு 960 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு கன மீட்டர். நடந்து, குனிந்து, நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும் ஒருவரோ நிமிடத்துக்கு 20 லிட்டர் வரை மூச்சு இழுப்பார். பம்ப் பார்த்ததைப் போலப் பத்து மடங்கு காற்று அது.

அப்புறம் ஆய்வகம். ஃபில்டரில் படிந்ததை 5 மில்லி திரவத்தில் எடுக்கிறார்கள், அதில் 0.2 மில்லியிலிருந்து வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வைப் பிரித்து 50 மைக்ரோலிட்டராக்குகிறார்கள், அதிலும் 5 மைக்ரோலிட்டர்தான் அதைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் சோதனைக்குள் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டரில் சிக்கியதில் 250-ல் ஒரு பங்கு! வழியில் எதுவும் வீணாகாவிட்டாலும், ஃபில்டரில் வைரஸ் ஆர்.என்.ஏ.வின் சில நூறு பிரதிகளாவது இருந்தால்தான் கருவிக்குத் தெரியும். அதற்குள் நீங்கள் முகக்கவசம் இல்லாமல் இருந்திருந்தால் சில ஆயிரம் உள்ளே போயிருக்கும். (என்95 சரியாகப் பொருந்தியிருந்தால் அதில் மிகச் சிறு பங்குதான். பம்ப் அளப்பது கவசத்துக்கு வெளியே உள்ள காற்றை.) ஆகவே 'கண்டறியப்படவில்லை' என்றால் 'இந்த அளவுக்குக் கீழே' என்றுதான் பொருள். அந்த அளவு எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதாத அறிக்கையை நான் அறிக்கையாகவே எடுத்துக்கொள்வதில்லை.

'இருக்கிறது' என்று வந்தாலும் சிக்கல் உண்டு. பிசிஆர் செத்த வைரஸையும் சேர்த்தே எண்ணும். உயிருள்ளதா என்று பார்க்க அதைச் சிதையாமல் பிடிக்க வேண்டும், ஃபில்டரில் மணிக்கணக்காகக் காற்று அடித்தால் அது காய்ந்து போய்விடுகிறது. ஜெலட்டின் ஃபில்டர் கொஞ்சம் மென்மையானது, ஆனால் ஏசி அறையின் வறண்ட காற்றில் அதுவே விரிசல் விடும். 2020-ல் புளோரிடா பல்கலைக்கழகத்தினர் வேறு வழியில் போனார்கள். காற்றுத் துகள்களின் மேல் நீராவியைப் படியவைத்துப் பெரிதாக்கி, மெதுவாகத் திரவத்தில் இறக்கினார்கள். நோயாளியிடமிருந்து 2 மீட்டரிலும் 4.8 மீட்டரிலும் எடுத்த காற்றிலிருந்து உயிருள்ள கொரோனா வைரஸ் கிடைத்தது. ஆனால் அந்தக் கருவியை இடுப்பில் மாட்டிக்கொண்டு நடக்க முடியாது.

இன்னொன்று, என் தவறு. முதன்முதலில் ஒரு மருத்துவமனையில் மாதிரி எடுத்தபோது, ஷிப்ட் முடிந்து செவிலியர்கள் உடை மாற்றும் அறைக்குள் நுழையும் முன்பே வாசலில் நின்று பம்ப்புகளை வாங்கிக்கொண்டேன். வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பு. பிறகுதான் வூஹான் ஆய்வைப் படித்தேன். 2020-ல் அங்கே ஒரு தற்காலிக மருத்துவமனையில், நோயாளிகள் இருந்த கூடத்தின் காற்றைவிடப் பாதுகாப்பு உடையைக் கழற்றும் அறைகளில்தான் வைரஸ் ஆர்.என்.ஏ. அதிகமாக இருந்தது. உடையில் படிந்தது கழற்றும்போது மறுபடி காற்றில் எழும்பியிருக்கலாம் என்றார்கள். முகக்கவசத்தை எடுக்கும் அந்தச் சில நிமிடங்களை நான் அளக்கவே இல்லை.

அடுத்த முறை உங்களிடம் வாசலில் பம்ப்பைக் கேட்டால் கொடுக்காதீர்கள். உடையைக் கழற்றி, கை கழுவி முடிக்கும்வரை அது ஓடட்டும்.