பல் பிடுங்கியபோது நின்ற ரத்தம், விபத்தில் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: கப்பலூர் அருகே நான்குவழிச் சாலையில் சென்ற மாதம் நடந்த விபத்தில், 29 வயதான என் தம்பிக்கு இடுப்பெலும்பு முறிந்து ஈரலும் கிழிந்துவிட்டது. அறுவை சிகிச்சையைப் பாதியில் நிறுத்தி, வயிற்றுக்குள் துணிகளை வைத்து மூடி, "ரத்தம் உறையவில்லை" என்றார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் தைத்து முடித்தார்கள். அதன்பின் ரத்தம் உறையாதிருக்க ஊசி போடுகிறார்கள். முன்பு கடைவாய்ப் பல் பிடுங்கியபோது அவனுக்கு ரத்தம் உடனே நின்றுவிட்டது. இது பரம்பரைக் கோளாறா? இப்போது வீட்டில் படுத்திருக்கிறான், ஊசியை நிறுத்திவிடலாமா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: பரம்பரைக் கோளாறாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பிறவியிலேயே உறைதல் குறை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் பல் பிடுங்கிய குழியே மணிக்கணக்கில் கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் தம்பிக்கு வந்தது காயமே உண்டாக்கிய கோளாறு. பலத்த காயத்துடன் வருகிறவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, மருத்துவமனை வாசலை அடையும்போதே அது தொடங்கிவிட்டிருக்கும்.

கண்மாய்க் கரை ஓரிடத்தில் உடைந்தால் இருக்கிற மண்மூட்டைகளைக் கொண்டு அடைத்துவிடலாம். பத்து இடங்களில் ஒரே நேரத்தில் உடைந்தால் மூட்டைகள் தீர்ந்துபோகும். ரத்தத்தில் அந்த மூட்டைகள் தட்டணுக்களும் ஃபைப்ரினோஜன் என்னும் புரதமும். முதலில் குறைந்துபோவது ஃபைப்ரினோஜன்தான். அதைவிடக் கொடியது, பலத்த காயத்தாலும் ரத்த இழப்பாலும் நிலைகுலைந்த உடல், தான் அடைத்த அடைப்பைத் தானே கரைக்கத் தொடங்குவது. இதனுடன் உடலும் குளிர்ந்துவிட்டால், 37 டிகிரி செல்சியஸில் நன்கு இயங்கும் உறைதல் நொதிகள் மந்தமாகிவிடுகின்றன. திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாமல் ரத்தத்தில் அமிலம் ஏறினாலும் அதே கதிதான். மதுரை வெயிலில் குளிரா என்று கேட்பார்கள். ரத்தம் இழந்து, நனைந்த துணியோடு, ஏசி அறையில் கிடக்கும் உடல் சித்திரை மாதத்திலும் சில்லிட்டுப்போகும்.

அந்நிலையில் ஈறு கசியும், குளுக்கோஸ் ஏற்றக் குத்திய இடம் கசியும், தையல் ஊசி நுழைந்த துளைகூடப் புதிதாகக் கசியும். மேலும் தைப்பது மேலும் துளையிடுவதாகவே முடியும் என்பதால், துணி வைத்து அழுத்திவிட்டு வெளியே வந்து, உடலைச் சூடாக்கி, சிவப்பணுக்களுடன், உறைதல் புரதங்கள் அடங்கிய ரத்த நீரான பிளாஸ்மாவும் தட்டணுக்களும் ஏற்றி, உறைதல் மீண்டபின் திரும்பத் திறப்பதுதான் சரியான வழி. உங்கள் தம்பியை யாரும் பாதியில் கைவிடவில்லை. பிளாஸ்மா, ரத்த வங்கியின் உறைபெட்டியிலிருந்து மஞ்சள் நிறப் பனிப்பாளமாக வரும். வெதுவெதுப்பான நீரில் அது உருக அரைமணி நேரம் வரை ஆகும் என்பதையும், வெளியே தவித்து நிற்கும் உறவினர்கள் அறிந்திருப்பது நல்லது.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். அடைப்பு கரைவதைத் தடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மலிவான மருந்து, காயம்பட்டவர்களில் இறப்பைக் குறைக்கிறது என்று, 40 நாடுகளில் 20,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2010இல் காட்டியது. அதில் இந்திய மருத்துவமனைகளும் பங்கேற்றன. ஆனால் காயம்பட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அதற்குப் பிறகு கொடுத்தால் தீங்காகவும் முடியலாம். ஆகவே அழைத்து வருகிறவர்கள், விபத்து நடந்த நேரத்தைக் கூடியவரை துல்லியமாகச் சொல்லுங்கள். "மத்தியானம் நடந்தது" என்பது போதாது.

ஊசியைப் பற்றி: முதல் ஓரிரு நாள் உறைய மறுத்த ரத்தம், பிறகு தேவைக்கு மேல் உறையத் தலைப்படும். இடுப்பெலும்பு முறிந்து அசையாமல் படுத்திருப்பவரின் கால் சிரைகளில் ரத்தக்கட்டி உண்டாகி, அது பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. மருத்துவர் சொல்லும்வரை ஊசியை நிறுத்தாதீர்கள். நாள்தோறும் இரு கெண்டைக்கால்களையும் ஒரே இடத்தில் நூலால் அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் பருத்து வலித்தால், எண்ணெய் தேய்த்து நீவிவிடாமல், அன்றே மருத்துவமனையில் காட்டுங்கள். திடீரென மூச்சுத் திணறினால் உடனே 108ஐ அழையுங்கள்.