கார்டில் 'பிரைவேட் லிமிடெட்' போடலாமா?

கேள்வி: நைட்டி தைத்து வாட்ஸ்அப்பில் விற்கிறேன். கனி மார்க்கெட்டில் துணி எடுத்து நாலு பேரிடம் தைக்கக் கொடுக்கிறேன். போன வருஷம் 30 லட்சத்துக்கு விற்பனை. செலவு போக நாலரை லட்சம் கையில் நின்றது. தங்கை 3 லட்சம் போட்டுச் சேர்கிறேன் என்கிறாள். கணவரோ, "பிரைவேட் லிமிடெட் ஆக்கு, விசிட்டிங் கார்டில் போட்டால் ஒரு மதிப்பு" என்கிறார். என்ன செய்ய? - வாசகி, ஈரோடு

பதில்: கார்டு அழகாகத்தான் இருக்கும். ஆனால் கம்பெனி என்றால் ஒரு ரூபாய் லாபம் இல்லாத வருஷத்திலும் ஆடிட் கட்டாயம். நஷ்டம் வந்தால் கம்பெனியின் கடனுக்கு உங்கள் வீடு தப்பும் என்பார்கள். ஆனால் சின்னக் கம்பெனிக்குக் கடன் கொடுக்கும் வங்கி பெரும்பாலும் உங்கள் சொந்த ஜாமீனையும் சேர்த்தே கேட்கும். இப்போதைக்கு வேண்டாம்.

நீங்கள் இப்போது தனி உரிமையாளர். தொழிலின் லாபம் உங்கள் சொந்த வருமானம். வேறு வருமானம் இல்லையென்றால், புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால் நாலரை லட்சத்துக்கு ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. ரிட்டர்ன் மட்டும் தவறாமல் போடுங்கள்.

தங்கையைப் பார்ட்னராகச் சேர்த்தால் கணக்கே மாறிவிடும். பார்ட்னர்ஷிப்புக்கு 12 லட்சச் சலுகை எல்லாம் கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம், வரியின் மேல் போடும் செஸ் சேர்த்து 31.2 சதவீதம். அதே நாலரை லட்சத்துக்கு 1,40,400 ரூபாய்! ஒழுங்காகக் கணக்கு எழுதி, பார்ட்னர்ஷிப் பத்திரத்திலும் குறிப்பிட்டு, இருவரும் சம்பளம் எடுத்தால் லாபத்தில் 4,05,000 வரை கழிக்கலாம். மிச்சத்துக்கு வரி 14,000 சொச்சம்தான். கணக்கு எழுதச் சோம்பல்பட்டு, விற்பனையில் 6 அல்லது 8 சதவீதத்தை லாபமாகக் காட்டும் உத்தேச முறைக்குப் போனால் இந்தச் சம்பளக் கழிவு கிடைக்காது. நிறையப் பேர் வழுக்குவது இங்கேதான்.

தங்கை வேலையும் செய்யப்போகிறாரா, பணம் மட்டுமா? பணம் மட்டும் என்றால் வட்டி, தவணை எழுதிக் கடனாக வாங்குங்கள். அக்கா தங்கைக்குள் எதற்குப் பத்திரம் என்று விட்டுவிடாதீர்கள். 20,000 ரூபாயைத் தொட்டாலே கடனை ரொக்கமாக வாங்கக் கூடாது. வங்கி வழியாகவே வரட்டும். வேலையும் செய்வார் என்றால் முதலில் ஒரு வருஷம் சம்பளத்துக்கு வைத்துப் பாருங்கள். ஒத்துப்போனால் அப்புறம் பார்ட்னர்ஷிப்பைப் பதிவு செய்துகொள்ளலாம்.

ஒன்று கேட்க மறந்துவிட்டீர்கள். பெங்களூருக்கோ கொச்சிக்கோ பார்சல் போகிறதா? பொருள் விற்பவர்களுக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்பது தமிழ்நாட்டுக்குள் விற்கும்வரைதான். எல்லை தாண்டி ஒரு நைட்டி போனாலும் பதிவு வேண்டும். அதை இந்த வாரமே கவனியுங்கள்.