வளர்ந்தால் சரியாகிவிடுமா?

குழந்தைகள் அறுவைசிகிச்சை: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தருமபுரி, கள்ளக்குறிச்சி மலையடிவார ஊர்களிலிருந்து வந்தவை. நோய்கள் வேறுவேறு, ஆனால் கேட்பது ஒன்றுதான்: “வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடும் என்கிறார்களே?” சிலவற்றில் அது உண்மை. சிலவற்றில் அந்தப் பேச்சை நம்பியே பிள்ளையைப் பறிகொடுக்கிறார்கள்.

மகனுக்கு எட்டு மாதம். அழும்போது தொடையிடுக்கில் எலுமிச்சை அளவு புடைக்கிறது, தூங்கினால் மறைகிறது. அரைஞாண் கயிற்றை இறுக்கிக் கட்டினால் போதும் என்கிறார் மாமியார்.
– பென்னாகரம்

போதாது. இது குடலிறக்கம். கருவில் விதை கீழிறங்கிய வழி மூடாமல் நின்றதால் குடல் அதற்குள் வந்து போகிறது. அந்த வழி தானாக மூடுவதில்லை, அறுவைசிகிச்சை செய்துதான் ஆக வேண்டும். முதல் வயதில்தான் குடல் சிக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். புடைப்பு கல்போல இறுகி, உள்ளே போகாமல், குழந்தை வாந்தியும் எடுத்தால் நள்ளிரவானாலும் 108-ஐ அழையுங்கள்.

ஒரு வேண்டுகோள். அறுவைக்கு முன் தாய்ப்பாலை 4 மணி நேரம், பசும்பாலை 6 மணி நேரம் நிறுத்தினால் போதும். முந்தைய மாலையிலிருந்தே பட்டினி போட்டு, மூன்று பஸ் மாறி, துவண்டுபோன பிள்ளையைக் கொண்டுவருகிறார்கள்.

தொப்புள் துருத்தல் வேறு கதை. பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானாக மூடிவிடும். நாணயம் வைத்துக் கட்டாதீர்கள். அப்படி வந்த ஒரு குழந்தைக்கு நான் கட்டைப் பிரித்தபோது, நாணயம் இருந்த இடத்தில் தோல் வட்டமாகப் புண்ணாகியிருந்தது. தொப்புள் மட்டும் பழையபடியே துருத்திக்கொண்டிருந்தது.

ஒன்பது மாதப் பேத்தி திடீர் திடீரென வீறிட்டு அழுதாள். உரம் விழுந்திருக்கிறது என்று வேட்டியில் போட்டு உருட்டினோம், அழுகை நின்றது. மறுநாள் மலத்தில் இரத்தம் வந்து, அறுவைசிகிச்சை வரை போய்விட்டது. உரம் எடுத்தது தவறா?
– சங்கராபுரம்

உருட்டியதால் நோய் வரவில்லை, நேரம்தான் போயிற்று. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது குடல் செருகல். சட்டைக் கையை உள்ளே இழுத்துவிட்டதுபோல, குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்ளும். குழந்தை முழங்காலை வயிற்றோடு மடக்கி வீறிடும். சில நிமிடங்களில் வலி தானே ஓயும், சற்று நேரத்தில் மீண்டும் வரும். அந்த ஓய்வில் உரம் எடுத்தவர், மந்திரித்தவர், ஓமத்தண்ணீர் கொடுத்தவர் என்று யார் இருந்தாலும் பெயர் அவருக்கு! ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையான பிள்ளை இப்படி விட்டுவிட்டு அழுதால், மலம் கருஞ்சிவப்பாகும்வரை காத்திருக்கக் கூடாது. சீக்கிரம் வந்தால் ஆசனவாய் வழியே காற்றையோ உப்புநீரையோ செலுத்தி, பல நேரங்களில் கத்தியே இல்லாமல் குடலை விடுவித்துவிடலாம். தாமதித்தால் அழுகிய குடலை வெட்டி எடுக்க நேரும்.

கிரகணத்தன்று மருமகள் காய் நறுக்கியதால்தான் பேரனுக்கு உதடு பிளந்ததா?
– அரூர்

இல்லை. மருமகளைக் குற்றவாளியாக்குவதை முதலில் நிறுத்துங்கள். உதட்டை மூன்று மாதம் கடந்த பின்பும், அண்ணத்தை ஏறக்குறைய ஒரு வயதிலும் தைப்பார்கள். அதுவரை எடை ஏற வேண்டும். உறிஞ்ச முடியாவிட்டால் பாலைப் பீய்ச்சி, நிமிர்த்தி வைத்துப் பாலாடையில் புகட்டுங்கள்.

வளைபாதத்துக்கு மாவுக்கட்டுகள் முடிந்துவிட்டன. பாதம் நேராகிவிட்டது. கம்பி வைத்த காலணி போட்டால் அழுகிறான், விட்டுவிடலாமா?
– ஏற்காடு

விட்டால் பாதம் மறுபடி வளையும். பொன்செட்டி முறையில் கட்டுப் போடுவது பாதி வேலைதான். முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், பிறகு நான்கு வயதுவரை தூங்கும்போது காலணி இருக்க வேண்டும். கடித்த இடம் சிவந்திருந்தால் கட்டுப் போட்ட இடத்திலேயே காட்டி அளவைச் சரிசெய்யுங்கள்.

ஐந்து வயது மகனுக்கு ஒரு விதை இறங்கவில்லை.
– ஊத்தங்கரை

ஒன்றரை வயதுக்குள் முடிந்திருக்க வேண்டியது. இந்த மாதமே போங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்.

மகளுக்கு 45 நாள். காமாலை குறையவில்லை. கீழாநெல்லி கொடுக்கிறோம். மலம் வெளுத்துப் போகிறது.
– கல்வராயன்மலை

கடிதத்தில் எண் இருந்ததால் பிரித்த கையோடு பேசிவிட்டேன். நிறத்தைக் கேட்டேன். “சுவருக்குப் பூசுகிற சுண்ணாம்பு” என்றார் தந்தை. கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் வரும் குழாயான பித்தநாளம் அடைபட்டிருந்தால், அதற்குச் செய்வது ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் வகுத்த அறுவைசிகிச்சை. கசாய்தான், கசாயம் அல்ல. 60 நாளுக்குள் செய்தால் நல்ல பலன் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். கீழாநெல்லியால் அடைப்பு திறக்காது. இரண்டு வாரம் தாண்டியும் கண் மஞ்சளாக இருந்தால் எந்தக் குழந்தைக்கும் இரத்தத்தில் பித்தநிறமி சோதனை செய்ய வேண்டும். துணியில் பட்ட மலத்தை விளக்கொளியில் பார்த்தால் நிறம் ஏமாற்றும், பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

அவர்கள் மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸில் மலையிறங்கிவிட்டார்கள்.